பதினான்கு அடிக்குக் கீழே ஒரு கோடு

அன்று காலை எங்கள் வெட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் மனைவி, என் மருமகள், இருபத்தாறு ஆண்டுகளாக எங்களிடம் தைக்கும் தையல் மாஸ்டர், பத்து மணிக்குப் பிறகு என் தம்பி. மடிக்கணினித் திரையில், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்மணி. என் மகன் இல்லை. அவன் வெளியூரில் ஒரு விடுதிக்குத் திரை மாட்டப் போயிருந்தான். அவனும் இருந்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு.

சென்ற வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர்கள். மூன்று ஆண்டுகளாக இணையத்திலும் ஆர்டர் எடுக்கிறோம். ஜன்னல்கள் பெருகின, கடிதங்களும் பெருகின. ஒரே வாரத்தில் பதினோரு பேர் “அங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டு எழுதிய பிறகு மருமகள் ஒரு காரியம் செய்தாள். வெளிநாடுகளில் வீட்டிலிருந்தபடியே மணிக்கணக்குக்கு வேலை எடுத்துச் செய்பவர்கள் தங்களைப் பதிந்து வைக்கும் தளம் ஒன்று இருக்கிறதாம். அதில் தேடி, நம் மொழி தெரிந்த ஒரு பெண்மணியைப் பிடித்தாள். பழைய ஆர்டர் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பி, கணினியில் ஏற்றும் வேலையை அவரிடம் கொடுத்தாள். அது எனக்குத் தெரியும். கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

எல்லாப் பதிலின் அடியிலும் “நிறுவனர்” என்று இருக்கும். நிறுவனர் நான்.

முந்தின நாள் மாலை கடையின் கைபேசிக்கு என் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பதினோரு ஆண்டுகளில் முதல் செய்தி. “கடிதம் கிடைத்தது. நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன்.”

நான் எந்தக் கடிதமும் எழுதவில்லை. மருமகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அதில் இருந்தது இது:

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, தவறு எங்கள் பக்கம். தாங்கள் குறித்துக் கொடுத்த அளவு சரியானது. மேடைத்திரை ஒன்பது அங்குலம் குறைந்ததற்குத் துணியை வெட்டியவரே பொறுப்பு. தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு மன்னிப்புக் கோருகிறோம். நிறுவனர்.”

துணியை வெட்டியவரும் நான்தான்.

*

காலை எட்டரை மணிக்கு மருமகளை வெட்டறைக்குக் கூப்பிட்டேன். மாஸ்டர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

“அந்தம்மாவ இன்னியோட நிறுத்திடும்மா.”

“நிறுத்திடறேன் மாமா. பத்து மணிக்குச் சின்ன மாமா வருவாரே, அவருக்கு என்ன சொல்றது?”

“உண்மையச் சொல்லுவேன். நான் எழுதலன்னு சொல்லுவேன்.”

“கேட்டுட்டு அப்படியே திரும்பிப் போயிடுவாரு. இன்னொரு பதினோரு வருஷம்.”

“போகட்டும். செய்யாத தப்புக்கு இந்தக் குடும்பத்துல யாரும் மன்னிப்புக் கேட்டது கிடையாது.”

“செஞ்ச தப்புக்கு?” என்று கேட்டது என் மனைவி. காபி டம்ளரோடு எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

நான் காபியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அந்த மேடைத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தின் புது அரங்கு. அதற்கு முன்பு அவ்வளவு பெரிய வேலை எங்களுக்கு வந்ததில்லை. தம்பி போய் அளவெடுத்தான். அளவெடுப்பது அவன், வெட்டுவது நான், தைப்பது மாஸ்டர். திறப்பு விழா அன்று திரை இறங்கி நின்றது. தரையைத் தொடவில்லை. கீழே ஒன்பது அங்குல இடைவெளி. அதில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் சின்ன ஷூக்கள் வரிசையாகத் தெரிந்தன. பாட்டுப் பாட நின்றுகொண்டிருந்த குழந்தைகள். அதில் ஒன்று இடது காலால் வலது காலைச் சொறிந்தது. அரங்கமே சிரித்தது.

கடைக்குத் திரும்பியதும் எல்லோர் முன்னாலும் தம்பியைப் பார்த்து, “டேப் பிடிக்கத் தெரியாதவன்லாம் அளவெடுக்கப் போனா இப்படித்தான்” என்றேன்.

அவன் கையிலிருந்த டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அவன் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே, நான் சொன்னது தொழிலில் இருப்பவர்கள் எல்லோர் காதுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவனை அளவெடுக்க யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கு ஒரு மெத்தைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறான்.

*

ஒன்பது மணிக்கு, “அந்தம்மாவக் கூப்பிடு. நேர்ல பேசறேன்” என்றேன்.

மடிக்கணினித் திரையில் வந்தவர் ஐம்பதைத் தொட்டவர். மூக்கின் நுனியில் கண்ணாடி. பின்னால் ஒரு கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே சாயங்காலமாம். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. “ஒரு நிமிஷம் ஐயா” என்று எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட ஒருவர் கையில் என் குடும்ப மானம் இருந்திருக்கிறது.

“நீங்க ஒரு கடுதாசி எழுதியிருக்கீங்க” என்றேன்.

“இந்த வாரம் அறுபத்திரண்டு எழுதியிருக்கேன் ஐயா. எந்தக் கடுதாசி?”

“மேடைத்திரை.”

“ஓ, அதுவா. பழைய புகார். ஏன், அவங்களுக்குத் திருப்தி இல்லையா?”

“அவங்க அவங்கன்னு சொல்றீங்களே, அது என் தம்பி!”

பெண்மணி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். உண்மையிலேயே தெரியாதுதான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“எனக்குத் தெரியாது ஐயா. உங்க தளத்துப் புகார் ஃபாரத்துல பேர் இருந்துச்சு, மெயில் விலாசம் இருந்துச்சு, ஆர்டர் தேதி இருந்துச்சு. விதிப்படி பதில் போட்டேன்.”

“என்ன விதி?”

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு முன்னால் சில நாட்கள் அவள் என் எதிரே உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. துணி சுருங்கிவிட்டது என்று சொன்னால் என்ன சொல்வீர்கள் மாமா? நிறம் வேறு என்றால்? கோபமாக எழுதினால்? தொழிலைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, மனம் விட்டுச் சொன்னேன். நாற்பத்தொரு கேள்வி. நாற்பத்தொரு பதில். நான் சொன்னபடியே எழுதிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறாள்.

“ஏழாவது விதி” என்று பெண்மணி படித்தார். “‘தப்பு நம்ம பக்கம்னா மொத வரியிலயே ஒத்துக்கணும். சுத்தி வளைச்சுப் பேசறவன் கடையச் சாத்திட்டுப் போகலாம்.’”

மாஸ்டர் இருமினார். என் சொற்கள்தான். என் குரல்கூட அதில் கேட்டது.

“தப்பு நம்ம பக்கம்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“மூணாவது விதி ஐயா. ‘புத்தகத்தப் பாக்காம எந்தப் புகாருக்கும் வாயத் தொறக்காதே.’ அதனால பாத்தேன். அந்தப் பக்கம் போன மாசம் நான் ஏத்தின புத்தகத்துலதான் இருக்கு. நீளம் பதினாலு அடி. அடியில ஒரு கோடு.”

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றுண்டு. அளவெடுப்பவர் எண்ணுக்கு அடியில் கோடு போட்டிருந்தால், அது தொங்கும் நீளம் மட்டும். மேல் மடிப்பு, கீழ் மடிப்பு இரண்டையும் வெட்டுகிறவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய திரைக்கு அது ஒன்பது அங்குலம். கோடு இல்லாவிட்டால் மடிப்பும் அந்த எண்ணுக்குள் அடக்கம், அப்படியே வெட்டலாம். வேறு எந்தக் கடையிலும் இந்த வழக்கம் கிடையாது. அந்தப் பெண்மணிக்கு எப்படித் தெரியும் என்றால், புத்தகங்களை ஏற்ற ஆரம்பித்த முதல் வாரத்தில் தொலைபேசியில் கேட்டார். பெருமையோடு இருபது நிமிடம் விளக்கியவன் நான்.

“ஈ உக்காந்த கறையா இருக்கும்” என்றேன். “ஃபோட்டோவுல எல்லாம் கோடு மாதிரித்தான் தெரியும்.”

“இருக்கலாம் ஐயா” என்றார், மரியாதையாகவே. “புத்தகம் உங்ககிட்டதானே இருக்கு. பாத்துச் சொல்லுங்க. கோடு இல்லன்னா இப்பவே இன்னொரு கடுதாசி போடறேன். தப்பு என்னுதுன்னு மொத வரியிலயே எழுதறேன்.”

*

அந்த ஆண்டின் புத்தகம் மேல் அடுக்கில் இருக்கும். ஏணி போட்டால்தான் எட்டும். ஏணியைக் கொண்டுவரச் சொல்லத் திரும்பினேன். புத்தகம் வெட்டு மேசைமேலேயே இருந்தது. தூசி துடைத்து, பக்கத்தில் என் கண்ணாடிக் கூட்டோடு.

என் மனைவி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

திரை குறைந்த அன்று நான் இந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். தேவை இல்லாத ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஒருவன் இவ்வளவு கவனமாகத் தவிர்த்து வருவானா என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பக்கத்தைத் திறந்தேன். தம்பியின் சாய்ந்த கையெழுத்து. பதினாலு. அதற்கு அடியில், அவன் வழக்கப்படி, பேனா முனை ஒடிகிற மாதிரி அழுத்திப் போட்ட கோடு. பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் நகத்தை ஓட்டினேன். தாள் மேடிட்டு இருந்தது. எந்த ஈயும் தாளில் அவ்வளவு அழுத்தி உட்காராது.

வெட்டறையில் மெஷின் சத்தம் நின்றிருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரையிலிருந்த பெண்மணியும் கேட்கவில்லை. அந்த மரியாதையை நான் கவனித்தேன்.

“இருக்கு” என்றேன்.

பத்து மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. இப்போது எனக்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. கடிதம் ஏற்கெனவே போய்விட்டது. அடியில் நிறுவனர் என்று இருக்கிறது. தம்பி வருவான், நான் “வாடா” என்றால் போதும். நான் எழுதியதாகவே அவன் நினைத்துக்கொள்வான். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

மருமகளும் அதைத்தான் நினைத்தாள் போலிருக்கிறது. “மாமா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாங்க யாரும் சொல்லமாட்டோம்” என்றாள் மெதுவாக.

நல்ல பெண். என் முகம் வாடக் கூடாதென்று சொன்னாள். ஆனாலும் கூலிக்கு வாங்கிய ஒரு மன்னிப்பை என் தம்பிக்குக் கொடுப்பதென்றால், அளவெடுக்காத ஜன்னலுக்குத் திரை தைத்த மாதிரி.

*

பத்து மணிக்கு ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் வந்தான். தலை நரைத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்ததும் முதல் வேலையாக, அங்கே வாசலில் மாட்டியிருந்த திரையின் அடியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தான். பிறகுதான் எங்களைப் பார்த்தான்.

“வாங்க சின்னவரே” என்று மாஸ்டர் எழுந்து நின்றார்.

“உக்காருங்க மாஸ்டர். அண்ணி, நல்லா இருக்கீங்களா?”

“உங்களப் பாத்தாச்சுல்ல, இனிமே நல்லா இருப்பேன்” என்றாள் என் மனைவி.

என்னைப் பார்த்தான். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உட்காரச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. புத்தகத்தின் விளிம்பை மேசை விளிம்போடு நேராக்கினேன்.

“கடுதாசி நல்லா இருந்துச்சுண்ணே” என்றான்.

“ம்.”

“நீங்க எழுதலன்னு ரெண்டாவது வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு.”

மருமகளின் கை அவள் வாய்க்குப் போயிற்று.

“‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு’ன்னு இருந்துச்சு. பொறந்ததுலேர்ந்து என்ன ‘டேய்’னுதான் கூப்பிட்டிருக்கீங்க. எனக்கு எதுக்குத் திடீர்னு இவ்ளோ மதிப்பு?”

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் போட்டார்.

“அப்புறம் எதுக்கு வந்தே?” என்று கேட்டேன். கேட்க நினைத்தது வேறு. வந்தது இது.

“அதுல ‘தாங்கள் குறித்துக் கொடுத்த அளவு சரியானது’ன்னு ஒரு வரி. யாரோ புத்தகத்தத் தொறந்து கோட்டப் பாத்திருக்காங்க. யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். ஒரு நன்றி சொல்லிட்டுப் போயிடுவேன். உங்களத் தொந்தரவு பண்ண வரலண்ணே.”

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. யாரென்றே தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். கூடப் பிறந்தவனிடம் எதையும் எதிர்பார்த்து வரவில்லை.

புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். விரலைக் கோட்டின் மேல் வைத்தேன்.

“கோடு இருக்கு. வெட்டறப்ப நான் பாக்கல. அப்புறமும் பாக்கல. உன் அளவு சரி. தப்பு என்னோடது. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோடா.”

கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டேன். உட்காரவில்லை. உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை அது.

தம்பி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையில் கையை விட்டான். கைக்குட்டை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். எடுத்தது ஒரு டேப்.

“மெத்தைக் கடைக்கு டேப் எதுக்குடா?”

“பையில இல்லன்னா நடக்க வராதுண்ணே.” வாசல் திரைக்குப் போய்க் குனிந்து அளந்தான். “இது அரை அங்குலம் தூக்கி நிக்குது. யார் அளவெடுத்தது?”

“உன் அண்ணன் மகன்” என்றேன்.

“அதான.”

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு மாஸ்டர், மருமகள். கடைசியில் நானும். மார்புக்குள் பதினோரு ஆண்டுகளாக மடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று பிரிந்து கீழே விழுந்த மாதிரி இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். தம்பி கேட்காமலேயே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அது அவன் நாற்காலிதான். என் மனைவி புதிதாகக் காபி போட்டுத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

“மாஸ்டர், அன்னிக்கு நான் சொன்னத ஊரெல்லாம் சொன்னீங்கள்ல? இன்னிக்குச் சொன்னதையும் சொல்லுங்க” என்றேன்.

“சொல்லிடறேன் பெரியவரே. ஆனா அது கெட்ட சேதி, ஒரே நாள்ல போச்சு. இது நல்ல சேதி. ஒரு வாரம் டைம் குடுங்க.”

மடிக்கணினியிலிருந்து ஒரு சின்னக் கனைப்புக் கேட்டது. அந்தப் பெண்மணியை எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மன்னிக்கணும் ஐயா. நான் நடுவுல போயிருக்கணும். எப்படிப் போறதுன்னு தெரியல.”

“இவங்கதான் கோட்டப் பாத்தவங்க” என்றேன் தம்பியிடம். அவன் எழுந்து திரைக்கு முன்னால் போய்க் கைகூப்பினான். அவரும் கைகூப்பினார். பின்னால் குக்கர் மூடி கழன்று விழும் சத்தம் கேட்டது.

“அப்ப நாளையிலேர்ந்து நான் வரணுமா, வேணாமா ஐயா?” என்று கேட்டார். வேலையை நிறுத்துவது பற்றிக் காலையிலேயே மருமகள் செய்தி அனுப்பியிருப்பாள்.

“வரணும். நாப்பத்திரண்டாவது விதி ஒண்ணு எழுதிக்குங்க. எங்க குடும்பத்து ஆளுங்க யாராவது எழுதினா, பதில் நான் எழுதுவேன்.”

எழுதிக்கொண்டார். “கடைசியா ஒண்ணு. மேடைத்திரைப் புகாரத் தீர்ந்ததுன்னு குறிச்சு மூடிடலாமா?”

“மூடிடுங்க” என்றேன்.

தம்பி தலையைத் தூக்கினான். “எந்தப் புகாரு?”

“நீ ஃபாரத்துல எழுதிப் போட்டியே.”

“நானா? எனக்குக் கடுதாசிதான் வந்துச்சு. நான் ஒண்ணும் எழுதலியேண்ணே. உங்க தளத்த இதுவரைக்கும் நான் தொறந்ததுகூட இல்ல.”

நாங்கள் மருமகளைப் பார்த்தோம். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பொய் சொல்லும் பெண் இல்லை அவள். திரையிலிருந்த பெண்மணி, “ஆர்டர் தேதிகூடச் சரியா போட்டிருந்தாங்களே” என்றார்.

தம்பியின் பெயரும், அவனுடைய மெயில் விலாசமும், பதினோரு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஆர்டரின் தேதியும் தெரிந்த ஆள்.

“காபி ஆறிப்போச்சு, வேற போட்டுட்டு வரேன்” என்று என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காபி ஆறவில்லை. டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மாஸ்டர் சொன்ன நல்ல சேதி தெருமுனை தாண்டுவதற்குள் உருமாறிவிட்டது. அண்ணன் தம்பி சேர்ந்தது கடலுக்கு அப்பாலிருந்து ஒரு கூலியாள் எழுதிய கடிதத்தால்தான், பெரியவர் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கடிதம் அவர் எழுதியது. மன்னிப்பு நான் கேட்டது. வெட்டு மேசைக்கு முன்னால், நின்றுகொண்டு கேட்டேன். யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதியிருக்கிறேன்.